நின்றால் கனம், ஓடினால் லேசு: பெரிய அட்வென்ச்சர் பைக்குகள் பற்றிய ஓயாத வாதம்

தார்ச் சாலையிலும் மண் பாதையிலும் நெடுந்தூரம் போவதற்கென்று செய்யப்பட்ட, ஆயிரம் சி.சி.க்கு மேற்பட்ட அட்வென்ச்சர் டூரிங் பைக்குகளைப் பற்றி அனுபவசாலிகள் பேசுவதைக் கேட்டால், எல்லோரும் ஒரே வண்டியைப் பற்றித்தான் பேசுகிறார்களா என்ற ஐயம் வந்துவிடும். நாள் முழுக்க ஓட்டியும் முதுகு வலிக்கவில்லை, இதைவிட நல்ல வண்டி கிடையாது என்பார் ஒருவர். சேற்றில் சாய்ந்தால் தூக்குவதற்கு ஆள் தேட வேண்டிய வண்டிக்கு அட்வென்ச்சர் என்று பெயர் வைத்தது யார் என்று கேட்பார் இன்னொருவர். இந்த வண்டிகளில் பெரும்பாலானவை மண் சாலையையே பார்த்ததில்லை என்று சொல்லிச் சிரிப்பார் மூன்றாமவர். மூவர் சொல்வதிலும் பொய் இல்லை. ஒருவர் வண்டியை நெடுஞ்சாலையில் வைத்து அளக்கிறார், ஒருவர் அது கீழே கிடக்கும்போது அளக்கிறார், மூன்றாமவர் வண்டியை விட்டுவிட்டு அதை வாங்கியவரை அளக்கிறார்.

பாலைவனப் பந்தயத்தைச் சொல்லாமல் இந்த வகையின் கதையைத் தொடங்க முடியாது. 1978 டிசம்பர் இறுதியில் பாரிஸிலிருந்து கிளம்பி, சஹாராவைக் கடந்து செனகலின் தலைநகர் டாக்கர் வரை போன முதல் பாரிஸ்–டாக்கர் பந்தயத்தில், 1979 ஜனவரியில் வெற்றிபெற்றவர் சிரில் நெவோ. அவர் ஓட்டியது யமஹா எக்ஸ்டி 500 என்ற எளிமையான ஒற்றை சிலிண்டர் வண்டி. 1980இல் பிஎம்டபிள்யூ தனது ஆர் 80 ஜி/எஸ் வண்டியை அறிமுகப்படுத்தியது. ஏறத்தாழ 800 சி.சி., 50 குதிரைத்திறன், இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் சிலிண்டர்கள், பின்சக்கரத்தைச் சுழற்றச் செயினுக்குப் பதிலாக ஷாஃப்ட் என்ற சுழலும் தண்டு. பெட்ரோலை நிரப்பினாலும் எடை 200 கிலோவைத் தொடவில்லை. பிஎம்டபிள்யூவின் பந்தய வண்டிகளில் 1981இலும் 1983இலும் யூபேர் ஓரியோலும், 1984இலும் 1985இலும் காஸ்தோன் ராயேயும் டாக்கரை வென்றார்கள். ஹோண்டா சும்மா இருக்கவில்லை. 1986 முதல் 1989 வரை என்எக்ஸ்ஆர் 750 என்ற பந்தய வண்டியால் தொடர்ந்து நான்கு முறை வென்றது. அதன் சாயலில் 1988இல் ஆஃப்ரிக்கா ட்வின்னைக் கடைக்குக் கொண்டுவந்தது.

அந்தக் காலத்தில் பந்தய வண்டியும் விற்பனை வண்டியும் உறவுக்காரர்கள். பிறகு அவை பிரிந்துபோன விதம்தான் வேடிக்கை. 2011 முதல் டாக்கர் பந்தயத்தில் 450 சி.சி.க்கு மேற்பட்ட பைக்குகளுக்கு இடமில்லை. கடைக்கு வருபவையோ ஆண்டுக்காண்டு பெருத்துக்கொண்டே போயின. 2023இல் அறிமுகமான பிஎம்டபிள்யூ ஆர் 1300 ஜிஎஸ் 145 குதிரைத்திறன், 237 கிலோ. அதன் ‘அட்வென்ச்சர்’ வடிவம் 30 லிட்டர் டேங்குடன் 269 கிலோ. டுகாட்டியின் மல்டிஸ்ட்ராடா வி4 வண்டியில் 170 குதிரைத்திறன். உலகின் கைதேர்ந்த பாலைவன ஓட்டிகள் 450 சி.சி.யில் மணல்மேடுகளைத் தாண்டிக்கொண்டிருக்க, பாலைவனத்தைப் பார்க்கவே போகாதவர் அதைப்போல மூன்று மடங்கு எஞ்சினை வாங்குகிறார். ‘வேஷம்’ என்ற குற்றச்சாட்டு இங்கிருந்துதான் பிறக்கிறது.

குற்றச்சாட்டில் நியாயம் இருக்கிறது. அலுமினியப் பெட்டிகளும் கூடுதல் விளக்குகளும் பாதுகாப்புக் கம்பிகளும் பூட்டி, அலுவலகத்துக்கு மட்டும் போய்வரும் வண்டிகள் உலகெங்கும் உண்டு. ஆனால் இப்படிச் சிரிப்பவர்கள் ஒரு கேள்வியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். மண்ணுக்குப் போகும் எண்ணமே இல்லாதவர், வசதிக்கென்றே செய்யப்பட்ட டூரிங் பைக்குகளை விட்டுவிட்டு ஏன் இதை வாங்குகிறார்? வெறும் பகட்டு என்றால் ஓரிரு ஆண்டுகளில் மோகம் தீர்ந்திருக்க வேண்டும். நாற்பது ஆண்டுகளாகத் தீரவில்லை. வாங்கியவர்கள் அதே வகையில் அடுத்த வண்டியையும் வாங்குகிறார்கள்.

காரணம் அந்த உடலமைப்பில் இருக்கிறது. மணலுக்காகச் செய்யப்பட்ட ஒவ்வொன்றும், யாரும் திட்டமிடாமலே, தார்ச் சாலைக்கும் பொருந்திவிட்டது. கற்களின் மேல் ஏறி இறங்க அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் நீளமான சஸ்பென்ஷன் தேவைப்பட்டது. பெரிய அட்வென்ச்சர் பைக்குகளில் சக்கரம் ஏறத்தாழ 200 மில்லிமீட்டர் மேலும் கீழும் போய்வரும். சாலை பைக்குகளில் இது பெரும்பாலும் 120, 130 மில்லிமீட்டர்தான். பாறைக்காக வைத்த அந்த நீளம், குண்டும் குழியுமான தார்ச் சாலையிலும் வேகத்தடையிலும் பாலத்தின் இணைப்புகளிலும் முதுகெலும்பைக் காப்பாற்றுகிறது. அடிப்பாகம் தரையில் தட்டாமல் இருக்க வண்டியை உயர்த்தினார்கள். இருக்கை உயர்ந்ததால் முழங்கால் மடிப்பு தளர்ந்தது. மணலில் முன்சக்கரத்தை அடக்கப் பிடிமானம் வேண்டும் என்று ஹேண்டில்பாரை அகலமாக்கினார்கள். அதனால் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் இவ்வளவு பெரிய வண்டி சிறு தள்ளலுக்கே திரும்புகிறது. எழுந்து நின்று ஓட்டுவதற்காக, கால் வைக்கும் ஃபுட்பெக்கை உடலுக்கு நேர் கீழே வைத்தார்கள். தாழ்வான க்ரூஸர் வண்டியில் கால்கள் முன்னால் நீட்டியிருப்பதால், பள்ளத்தைப் பார்த்ததும் இருக்கையிலிருந்து எழ முடியாது, அடி முழுவதும் வால் எலும்பில் இறங்கும். ஸ்போர்ட்ஸ் பைக்கில் உடலின் பாரம் மணிக்கட்டில். இங்கே கால், இடுப்பு, கை மூன்றும் பங்கிட்டுக்கொள்கின்றன. கண்கள் கார்களின் கூரைக்கு மேல் பார்க்கின்றன. எதிரே வருவது முன்கூட்டியே தெரிந்தால் மனமும் அவ்வளவாகக் களைப்பதில்லை.

பின்னால் உட்காருபவரின் கருத்தை இத்தகைய விவாதங்களில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. எனக்குத் தெரிந்த வரையில், பெரும்பாலான வீடுகளில் அந்த ஒரு வாக்குதான் தீர்ப்பு. அகலமான, தட்டையான பின்னிருக்கை, பிடித்துக்கொள்ள வாகான கைப்பிடி, முழங்காலை நெஞ்சு வரை மடிக்கத் தேவையில்லாத உயரம், சாய்ந்துகொள்ளப் பின்பெட்டி. இரண்டு பேரும் மூன்று பெட்டிகளும் ஏறிய பிறகும் மலையேற்றத்தில் திணறாத எஞ்சின். 1,200 சி.சி. எதற்கு என்று கேட்பவர், பெரும்பாலும் தனியாகப் போகிறவராக இருப்பார்.

ஆக, தார்ச் சாலையில் நெடுந்தூரம் போவதற்கு இதுவரை செய்யப்பட்ட மோட்டார் சைக்கிள்களில் இவையே சிறந்தவை என்பது என் கருத்து. முன்கண்ணாடி பற்றி மட்டும் ஓயாத முணுமுணுப்பு உண்டு. உயரம் குறைந்தவருக்கு அமைதியாக இருக்கும் காற்று, உயரமானவரின் ஹெல்மெட்டில் வந்து படபடவென்று அடிக்கும். ஒருவருக்குப் பொருந்திய கண்ணாடியை இன்னொருவர் கழற்றி வீசுவார். இதற்குப் பொதுத் தீர்வு கிடையாது. பக்கக் காற்று வீசும் திறந்த வெளியில் உயரமான உடலும் அகலமான பெட்டிகளும் பாய்மரம் போல இழுபடும் என்பதும் மெய்தான்.

இனி எடை. வாதத்தின் உயிர்நாடி இங்கேதான்.

வண்டி ஓரளவு வேகம் எடுத்துவிட்டால் சக்கரங்களின் சுழற்சியும் முன்பக்க அமைப்பின் சாய்வுக் கணக்கும் சேர்ந்து அதைத் தாமே நிமிர்த்தி வைத்துக்கொள்கின்றன. 40 கிலோமீட்டர் வேகத்தில் 260 கிலோ வண்டியை இரண்டு விரலால் திருப்பலாம். இதை ஓட்டிப் பார்த்துவிட்டு வருபவர்கள் எல்லோரும் வியந்து சொல்லும் வாசகம், எடையே தெரியவில்லை என்பது. வேகம் குறையக் குறைய அந்த உதவி கழன்றுகொள்கிறது. நடக்கும் வேகத்தில் முழுச் சுமையும் ஓட்டுபவரின் தலையில் வந்து விழுகிறது. நேராக நிற்கும் வண்டியைப் பிடித்திருக்கப் பெரிய பலம் வேண்டியதில்லை. சில பாகை சாய்ந்துவிட்டால் தொடை நடுங்கும். இன்னும் கொஞ்சம் சாய்ந்தால் எந்தப் பயில்வானாலும் நிறுத்த முடியாது. அப்போது விட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம், காலைக் கொடுத்தால் கால்தான் முறியும். பெரிய வண்டிகள் விழுந்த கதைகளை விசாரித்துப் பாருங்கள். வேகத்தில் விழுந்தவை குறைவு. சரளை கொட்டிய வாகன நிறுத்தம், சரிவில் யு-டர்ன், போக்குவரத்து நெரிசலில் ஊன்றிய கால் பள்ளத்தில் இறங்கியது, கிளம்பும்போது அணைந்துபோன எஞ்சின்: பெரும்பாலானவை இந்த ரகம்தான்.

எவ்வளவு எடை என்பதைப்போலவே அது எந்த உயரத்தில் இருக்கிறது என்பதும் முக்கியம். ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ முக்கால் கிலோ. 30 லிட்டர் டேங்கை நிரப்பினால் 22 கிலோவுக்கு மேல், அதுவும் வண்டியின் உச்சியில் ஏறுகிறது. டேங்க் காலியாக இருக்கும்போதும் நிறைந்திருக்கும்போதும் அது வேறு வேறு வண்டி என்று ஓட்டிகள் சொல்வதில் மிகை இல்லை. ஜிஎஸ் வண்டிகளின் கிடைமட்ட எஞ்சினுக்கு இருக்கும் விசுவாசத்துக்கு ஒரு காரணம் இதுதான். கனமான பகுதி தாழ்வாக இருப்பதால், தாளில் எழுதிய எடையைவிட லேசாகத் தோன்றும். விழுந்தாலும் சிலிண்டர் முட்டுக்கொடுத்துவிடும். வண்டி தட்டையாகப் படுக்காது. தூக்குவதும் அதனால் சற்றுச் சுலபம். கேடிஎம் 2019இல் கொண்டுவந்த 790 அட்வென்ச்சரில் பெட்ரோல் டேங்கை எஞ்சினின் இரு பக்கமும் கீழே தொங்கும்படி அமைத்தது. பார்ப்பதற்கு அழகில்லை என்று குறை சொன்னவர்களும், ஓட்டிய பிறகு வாயை மூடிக்கொண்டார்கள்.

மண்ணில் எடை வேறு விதமாக வேலை செய்கிறது. நல்ல சரளைச் சாலையில் பெரிய வண்டி நிதானமாக, ஏன், கம்பீரமாகவே போகும். மணலிலும் சேற்றிலும் கதை மாறுகிறது. கனமான முன்சக்கரம் புதையும்; புதைந்ததை மீட்க வேகம் கூட்ட வேண்டும்; வேகம் கூட்டினால் தவறுக்கான விலையும் கூடும். பயிற்சியாளர்கள் இதே வண்டியை ஆற்றுப்படுகையில் ஆட்டிக் காட்டுவதைப் பார்த்து, வண்டியால் எல்லாம் முடியும் என்று ரசிகர்கள் வாதிடுகிறார்கள். முடியும். அந்தக் காணொளியில் பெட்டிகள் இருக்காது, பின்னால் ஆள் இருக்காது, டயர் கட்டி கட்டியாகப் பல் வைத்ததாக இருக்கும், விழுந்தால் தூக்க அருகில் நான்கு பேர் நிற்பார்கள். தனியாக, களைப்போடு, மாலை நேரத்தில், முழுச் சுமையுடன் அதே ஆற்றுப்படுகைக்கு வருபவருக்கு அந்தக் காட்சி எந்த ஆறுதலும் தராது.

இந்த இடத்தில் இரு தரப்பும் சாட்சிக்கு இழுக்கும் பயணம் ஒன்று உண்டு. 2004இல் நடிகர்கள் இவன் மக்ரெகரும் சார்லி பூர்மனும் லண்டனில் கிளம்பி ஐரோப்பா, ரஷ்யா, மங்கோலியா வழியாகக் கிழக்கே போய் நியூயார்க்கை அடைந்தார்கள். ஓட்டியவை ஆர் 1150 ஜிஎஸ் அட்வென்ச்சர் வண்டிகள். அந்தப் பயணத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு இந்த வகை பைக்கை வாங்கியவர்கள் ஏராளம். அதே பயணத்தில், மங்கோலியாவில், ஒளிப்பதிவாளர் கிளாடியோ வான் பிளாண்டாவின் வண்டி பழுதாகி நின்றுவிட, அவர் அங்கேயே வாங்கிய இஷ் என்ற சின்ன ரஷ்ய பைக்கில் தொடர்ந்தார். பெரிய வண்டிகள் உலகின் பாதியைச் சுற்றிவிட்டன என்று ஒரு தரப்பு சொல்கிறது. சேற்றில் மற்ற இருவரும் தடுமாறிய இடத்தில் அந்தச் சின்ன வண்டி சமாளித்துவிட்டதே என்கிறது மறு தரப்பு. நான் இரண்டாவது தரப்புக்கு மங்கோலியாவையும், முதல் தரப்புக்கு மீதி வழியையும் கொடுத்துவிடுவேன்.

மின்னணுக் கருவிகள் பற்றிய சண்டை சற்று வேறு மாதிரி. வண்டியின் சாய்வை உணர்ந்து, வளைவிலும் வழுக்காமல் பிரேக் பிடிக்கும் ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக் அமைப்பு), 2014 மாடல் கேடிஎம் 1190 அட்வென்ச்சரில் முதன்முதலில் வந்தது. 2020 இறுதியில் மல்டிஸ்ட்ராடா வி4 முன்னும் பின்னும் ராடாருடன் வந்தது; முன்னால் போகும் வாகனத்தின் வேகத்துக்கேற்பத் தானே வேகத்தைக் குறைத்துக் கூட்டும் க்ரூஸ் கண்ட்ரோல் அதன் பயன். சஸ்பென்ஷனின் இறுக்கம் பொத்தானில் மாறுகிறது. பழைய தலைமுறை ஓட்டிகள் பலர் இதையெல்லாம் சோம்பேறிகளின் ஆடம்பரம் என்கிறார்கள். மழையில், வளைவின் நடுவில், எதிரே திடீரென்று மாடோ காரோ வந்து பிரேக்கை இறுக்கியவர்கள் அப்படிச் சொல்வதில்லை. வளைவு ஏபிஎஸ்ஸை நான் ஆடம்பரக் கணக்கில் சேர்க்கமாட்டேன். ஓட்டிக்கொண்டிருக்கும்போது திரையில் மூன்று பட்டியலுக்குள் புகுந்து கைப்பிடிச் சூட்டை மாற்ற வேண்டிய அமைப்பைச் சேர்ப்பேன். மண்ணில் பின்சக்கர ஏபிஎஸ்ஸை அணைக்க வேண்டியிருக்கும்; அணைத்ததை எஞ்சின் நின்றதும் வண்டி மறந்துவிடுவது இன்னொரு எரிச்சல்.

எங்கோ தொலைவில் சென்சார் ஒன்று செயலிழந்தால் என்ன செய்வது என்ற அச்சமும் உண்டு. அதில் பாதி நியாயம். பழைய கார்புரேட்டர் வண்டியைச் சுத்தியலும் கம்பியும் வைத்துச் சரிசெய்துவிடலாம் என்பார்கள். சரிசெய்யத் தெரிந்தவருக்கு அது உண்மை. தெரியாதவருக்கு இரண்டும் ஒன்றுதான். அதோடு, பழைய வண்டிகளுக்கு அடிக்கடி பழுதுபார்ப்பு தேவைப்பட்டது என்பதை ஏக்கத்தோடு பேசுபவர்கள் எளிதில் மறந்துவிடுகிறார்கள். மல்டிஸ்ட்ராடா வி4 எஞ்சினின் முக்கியப் பராமரிப்பு வேலையான வால்வு இடைவெளிச் சோதனையை 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை செய்தால் போதும். நடைமுறையில் பயணத்தை நிறுத்துவது பெரும்பாலும் டயர் பஞ்சராகத்தான் இருக்கிறது. ஆகவே டியூப்லெஸ் சக்கரமா, டியூப் வைத்ததா என்று கேட்பது ராடாரைப் பற்றிக் கேட்பதைவிடப் பயனுள்ளது. டியூப்லெஸ்ஸை வழியோரத்தில் சில நிமிடங்களில் அடைத்துவிடலாம். டியூப் என்றால் சக்கரத்தைக் கழற்ற வேண்டும்.

முன்சக்கரத்தின் அளவைப் பார்த்தாலே, தயாரித்தவர் யாரை மனத்தில் வைத்தார் என்பது தெரிந்துவிடும். 19 அங்குலம் என்றால் தார்ச் சாலை முதலில், மண் பிறகு. 21 அங்குலம் என்றால் மறுதலை. ஜிஎஸ்ஸும் மல்டிஸ்ட்ராடா வி4ம் முதல் வகை. 2016இல் மறுபிறவி எடுத்த ஆஃப்ரிக்கா ட்வின் இரண்டாம் வகை. பெட்டிகளைப் பொறுத்தவரை, மண்ணுக்குப் போகிறவர்கள் மெல்ல மெல்ல அலுமினியத்தைக் கைவிட்டுத் துணிப் பைகளுக்கு மாறிவருகிறார்கள். மணலில் கால் ஊன்றித் தள்ளும்போது பின்னால் வரும் உலோகப் பெட்டி கெண்டைக்காலில் ஏறி எலும்பை முறித்துவிடக்கூடும். விடுதிகளில் தங்கிப் பயணிப்பவர்களுக்குப் பூட்டுள்ள பெட்டிதான் நிம்மதி. இதில் வாதாட ஒன்றுமில்லை.

உயரம் குறைந்தவர்களின் தரப்பு நீண்ட காலம் காதில் விழவே இல்லை. இருக்கை 850 மில்லிமீட்டருக்கு மேல் என்றால் பலருக்கு இரண்டு குதிகாலும் தரையில் படாது. அனுபவசாலிகள் ஒரு காலை மட்டும் ஊன்றி, இடுப்பை அந்தப் பக்கம் நகர்த்தி உட்காரக் கற்றுக்கொண்டார்கள். சமதளத்தில் அது போதும், சாலை சரிவாக இருந்தால் போதாது. தாழ்வான இருக்கை வாங்கிப் போட்டால் முழங்கால் மடிப்பு இறுகும்; சஸ்பென்ஷனைத் தாழ்த்தினால் அடிப்பாகம் தட்டும். 2021இல் வந்த ஹார்லி-டேவிட்சன் பான் அமெரிக்கா, நிற்கும் தறுவாயில் தானே தாழ்ந்து, கிளம்பியதும் உயர்ந்துகொள்ளும் வசதியைக் கொண்டுவந்தது. பிஎம்டபிள்யூவும் அதே வழியில் வந்துவிட்டது. குதிரைத்திறனைக் கூட்டியதைவிட அதிகமான ஆட்களை இந்த வகைக்குள் கொண்டுவரக்கூடிய மாற்றம் இது என்று நினைக்கிறேன்.

வயது இன்னொரு பிரிகோடு. நாற்பதைத் தாண்டிய பிறகு பெரிய வண்டிக்கு வந்து, அறுபதை நெருங்கும்போது அதிலிருந்து இறங்குவது பலரது பாதை. இறங்குபவர்களுக்கு இன்று கிடைக்கும் தேர்வு முன்பு இல்லை. யமஹா டெனெரே 700 (2019) ஏறத்தாழ 205 கிலோ, ஹோண்டா டிரான்ஸால்ப் 750 (2023) 208 கிலோ, ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 (2023) 196 கிலோ. இவற்றை நடுத்தரம் என்றும் சிறியது என்றும் அழைக்கிறோம். 1980இன் ‘பெரிய’ ஆர் 80 ஜி/எஸ் இவை எல்லாவற்றையும்விட லேசானது என்பதைச் சற்று நின்று யோசிக்கலாம்.

நடுத்தர வண்டிக்கு மாறியவர்கள் பெரும்பாலும் மகிழ்ச்சியோடுதான் பேசுகிறார்கள். முன்பு திரும்பிவந்த பாதைகளில் இப்போது உள்ளே போகிறார்கள். ஆனால் சிலர் ஓரிரு ஆண்டுகளில் மீண்டும் பெரியதற்கே வந்துவிடுகிறார்கள், அதைக் கொஞ்சம் வெட்கத்தோடு சொல்கிறார்கள். மெல்லிய இருக்கை, குறைவான காற்றுத் தடுப்பு, துணையோடு போனால் மூச்சுவாங்கும் எஞ்சின்: நல்ல மண் பாதையை அடைவதற்கு முன் முந்நூறு கிலோமீட்டர் நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டியிருக்கிறதே. வெட்கப்பட அதில் எதுவும் இல்லை. ஆண்டு முழுவதும் எந்தச் சாலையில் அதிக நேரம் கழிகிறதோ அதற்கான வண்டியை வைத்துக்கொண்டு, மண்ணுக்குப் போகும் ஒரு வாரத்துக்கு அங்கேயே சிறு பைக்கை வாடகைக்கு எடுப்பவர்களை எனக்குத் தெரியும். உலகம் சுற்றக் கிளம்பியவர்களைவிட அவர்கள் குறைவாகவே புலம்புகிறார்கள்.

வாங்குவதற்கு முன் செய்யும் சோதனை ஓட்டம் இந்த வாதத்தில் எப்போதும் பெரிய வண்டியைப் புகழும் தரப்புக்கே சாதகமாக முடியும். நல்ல சாலை, கால் டேங்க் பெட்ரோல், பெட்டிகள் இல்லை, அரை மணி நேரம். எடை தன்னைக் காட்டிக்கொள்ளாத சூழ்நிலைகள் எல்லாம் ஒருங்கே அமைந்திருக்கும். ஆகவே ஓட்டுவதைவிட ஓட்டாமல் செய்யும் சோதனைகள் பயன்படும். எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியைச் சிறு சரிவில் பின்னோக்கித் தள்ளிப் பார்க்கலாம். சென்டர் ஸ்டாண்டில் ஏற்றிப் பார்க்கலாம். ஹேண்டில்பாரை முழுவதும் ஒடித்து, நடக்கும் வேகத்தில் எட்டுப் போட்டுப் பார்க்கலாம். பயிற்சிப் பள்ளிகளில் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது, விழுந்த வண்டியைத் தூக்கும் முறை: வண்டிக்கு முதுகைக் காட்டி, இருக்கையின் ஓரத்தில் இடுப்பை ஒட்டிக் குந்தி, ஒரு கையால் ஹேண்டில்பாரையும் மறு கையால் பின்கம்பியையும் பற்றி, முதுகை வளைக்காமல் தொடையின் பலத்தால் சிறு சிறு அடியாகப் பின்னோக்கி நடக்க வேண்டும். வண்டி வலப்பக்கம் விழுந்திருந்தால், அதற்கு முன்பே கியரில் போட்டு, சைடு ஸ்டாண்டை விரித்து வைத்துவிட வேண்டும். மறந்தால், தூக்கிய வேகத்தில் அது மறுபக்கம் போய் விழும்.